நாளுக்கு ஒரு நூல்

தாராவி தொண்ணூறு அடி ரோட்டுக்குப் பின்னால் உள்ள ஒரு சந்தில் சூசைமாணிக்கத்தின் வீடு நாளுக்கு ஒரு நூல் வீதம் தரையை விட்டு உயர்ந்துகொண்டிருந்ததை முதலில் கண்டுபிடித்தது ஒரு பெருச்சாளி. வாசற்படிக்கும் மண்ணுக்கும் நடுவே இரண்டு அங்குல இடைவெளி விழுந்திருப்பதைப் பார்த்து அது உள்ளே போய்க் குடியேறியது. அதை விரட்டப்போன சூசைமாணிக்கத்தின் மனைவி ஜெயசீலி ஒட்டடைக் கம்பை உள்ளே விட்டாள். கம்பு எதிலும் முட்டாமல் வீட்டைக் கடந்து போய், பின்சந்தில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் காலில் குத்தியது. அவர் போட்ட சத்தத்தில் கூட்டம் கூடி, கொத்தனார் சுயம்புவை அழைத்து வந்தார்கள். சுயம்பு குப்புறப் படுத்துப் பார்த்தார், ரசமட்டம் வைத்துப் பார்த்தார், எழுந்து சட்டையைத் தட்டிக்கொண்டு, வீடு அந்தரத்தில் நிற்கிறது, ஆனால் மட்டம் சுத்தமாக இருக்கிறது என்றார். தாராவியில் மட்டம் சுத்தமான வீட்டை அவர் அதற்கு முன் பார்த்ததில்லை என்பதால் குரலில் மரியாதை இருந்தது. பதினாறு நாள் கழித்து மறுபடி அளந்தபோது இரண்டு அங்குலம் கூடியிருந்தது. எட்டு நூல் ஓர் அங்குலம் என்பது கொத்தனார்கள் கணக்கு. ஆக நாளுக்கு ஒரு நூல் என்று அவர் தீர்ப்புச் சொல்ல, சந்தும் அதை ஏற்றுக்கொண்டு தண்ணீர் பிடிக்கப் போனது.

கோவில்களையெல்லாம் பூட்டிப்போட்டிருந்த கொரோனா வருஷம் அது. சூசைமாணிக்கம் சைக்கிளில் இட்லி விற்பவர். காலையில் மாட்டுங்கா, வெயில் ஏறுவதற்குள் செம்பூர் என்று இருபத்தாறு வருஷம் ரப்பர் ஹாரனை அமுக்கிக்கொண்டு போனவரின் சைக்கிள் அந்த வருஷம் சுவரில் சாய்ந்தே கிடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறையில் அவர், ஜெயசீலி, மகள் ஷைனி மூன்று பேரும் நாள் முழுக்க ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பயம் இருந்தது. அந்தப் பயத்தில்தான் ஜெயசீலி, கோவிலுக்குப் போக முடியாவிட்டால் கோவில் இங்கே வரட்டும் என்று ஒரு நாள் காலையில் அறிவித்தாள். அவள் தெற்கே நாசரேத் பக்கத்துக்காரி, பரம்பரை புராட்டஸ்டன்ட். பிறந்ததிலிருந்து ஞாயிற்றுக்கிழமை ஆராதனையைத் தவறவிட்டதில்லை. ஆனால் தினசரி ஜெபம் என்று பார்த்தால், சாப்பாட்டுக்கு முன் கண்ணை மூடித் திறப்பதுதான். சூசைமாணிக்கமோ கடற்கரை ஊரில் ஆர்.சி.யாக, அதாவது கத்தோலிக்கராகப் பிறந்து கல்யாணத்துக்காகக் கோவில் மாறியவர். இன்றும் பஸ் பிரேக் போட்டால் சிலுவை போடக் கை தானாக நெற்றிக்குப் போய்விடும்.

அறிவித்தபடியே நடந்தது. விடிவதற்கு முன், மாவுப் பானையைத் திறக்கும் முன், ஜெயசீலி ஒரு கோணிச்சாக்கை நான்காக மடித்துப் போட்டு அதில் முழங்கால் போட்டு ஓர் அதிகாரம் வாசிப்பாள். சாயங்காலம் ஏழரைக்கு மூன்று பேரும் ஆளுக்கொரு பாயில் உட்கார்ந்து ஒரு பாட்டுப் பாடுவார்கள், முறை வைத்து வேதம் வாசிப்பார்கள், முறை வைத்து ஜெபிப்பார்கள். ஷைனி இங்கிலீஷ் மீடியம். தமிழை எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாள். அவள் ஓர் அதிகாரம் முடிப்பதற்குள் குக்கரில் பருப்பு வெந்து, இறங்கி, தாளித்தும் ஆகிவிடும். சூசைமாணிக்கத்தின் ஜெபம் மிகச் சிறியது. கோவில் போதகர்களான ஐயர்மார் ஆண்டவரை நீர், உம்மை என்று அழைப்பதுபோல அவருக்கு வாயில் வராது. "நீங்க எல்லாத்தையும் பாத்துக்கோங்க" என்று செம்பூர் வாடிக்கையாளரிடம் சொல்வதுபோலச் சொல்லி முடித்துவிடுவார். அந்த ஜெபம் தொடங்கிய வாரத்திலேயே வீடும் கிளம்பிவிட்டது என்பது பிறகு தேதி பார்த்தபோது தெரிந்தது.

வீடு ஏறியதில் பெரிய சங்கடம் ஒன்றும் வந்துவிடவில்லை. இரண்டு பக்கத்து வீடுகளின் சுவர்களுக்கு நடுவே அது உரசாமல் ஏறியது. லைட் ஒயரை நீட்டிக் கொடுக்க வந்த ஆள், ஒவ்வொரு தடவையும் வர முடியாது என்று சொல்லிப் பத்தடி ஒயரைச் சுருட்டித் தொங்கவிட்டுப் போனார். கக்கூஸ் ஏற்கெனவே பொதுவில் இருந்ததால் அந்தப் பிரச்சினை இல்லை. சுயம்பு இரும்பு ஏணி ஒன்று செய்து, படி போதாதபோது படி சேர்த்துக்கொடுத்தார். பாதுகாப்புக்கு நான்கு மூலையிலும் தூண் நட்டும் பார்த்தார். மறுநாள் காலையில் தூணுக்கும் வீட்டுக்கும் நடுவே ஒரு நூல் வெளிச்சம் தெரிந்தது. தகரம் வைத்து அடைத்தார். அதற்கு மறுநாளும் அதே. நான்கு தடவைக்குப் பிறகு தூண்களைப் பிடுங்கி வேறு வேலைக்குக் கொண்டுபோய்விட்டார். அவர் கவனித்த இன்னொரு விஷயமும் உண்டு. கிரிக்கெட் மேட்ச் உள்ள நாளில் அவசரமாகச் சொல்லி முடித்த ஜெபத்துக்கு வீடு அசைவதில்லை. அதனால் சில வாரம் ஏழு நூல் வரும், சில வாரம் நாலுதான் வரும். வீட்டின் உயரத்தைப் பார்த்தே அந்தக் குடும்பத்தின் பக்தி நிலவரத்தை எதிர்வீட்டுச் சொர்ணம்மாள் சந்துக்குச் சொல்லிவிடுவாள்.

கோவில் திறந்த பிறகு ஜெயசீலி ஒரு ஞாயிற்றுக்கிழமை சாட்சி சொல்ல எழுந்தாள். வீடு மூன்றடி உயர்ந்திருக்கிறது, ஆண்டவருக்கே மகிமை என்றாள். சபையார் ஆமென் சொல்லிவிட்டு அடுத்த சாட்சிக்குப் போனார்கள். அடுத்தவர் மகனுக்குத் துபாய் விசா கிடைத்திருந்தது. அதற்குத்தான் கைத்தட்டல் அதிகம். வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறும்போது சொர்ணம்மாள் கீழேயிருந்து, "ஏளா ஜெயா, மோட்சம் இன்னும் எத்தன ஸ்டேஷன்?" என்று கேட்டாள். "இப்பதாங்க்கா சயான் தாண்டியிருக்கு" என்று பக்கத்து ஸ்டேஷனைச் சொன்னாள் ஜெயசீலி. இரண்டு பேரும் ஒரே தாலுகாக்காரர்கள் என்பதால் இந்த மாதிரிப் பேச்சுக்கு வருத்தப்படுவதில்லை.

உண்மையில் ஸ்டேஷன் கணக்கை ஜெயசீலி பார்க்கவே இல்லை. ஆரம்பத்தில் அவள் ஜெபம் பலசரக்குக் கடைச் சீட்டு மாதிரி இருந்தது: அது வேண்டும், இது வேண்டும், இதைச் சீக்கிரம். ஒரு வருஷம் போனதும் கேட்க வேண்டியவை தீர்ந்துபோயின. எழுந்துவிட மனசில்லாமல் அன்றன்றைக்கு நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள். சாம்பாரில் உப்புக் கூடியதை, வாஷி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருந்த ஷைனியை மேனேஜர் முறைத்ததை, புருஷன் தூக்கத்தில் ஹாரன் அடிப்பதை எல்லாம் சொன்னாள். பிறகு சொல்லவும் ஒன்றும் இல்லாமல் சும்மா முழங்காலில் இருக்கும் நாட்களும் வந்தன. அந்த நேரத்தில் அவளுக்கு அப்படி ஒரு சந்தோஷம் இருந்தது. பக்கத்தில் ஆள் இருக்கும்போது வரும் சந்தோஷம் அது. அதை விட்டுவிட்டு இட்லி ஊற்றப் போவதுதான் ஒவ்வொரு நாளும் கஷ்டமாக இருந்தது.

தாராவியில் காலி இடம் காலியாக இருந்ததாகச் சரித்திரம் இல்லை. வீட்டுக்கு அடியில் ஓரடி உயரம் வந்ததும் சந்துக்காரர்கள் செருப்பு வைத்தார்கள். மூன்றடி வந்ததும் கறிக்கடை அப்துல் ரவூப் ஆறு ஆடுகளைக் கட்டினார். ஆறடி வந்த வருஷம் மெஹக் வந்தாள். புருஷன் வளைகுடா போய்த் தகவல் இல்லாமல் போனவன்; மாமியார் வீட்டில் இனி இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். ஒரு தையல் மெஷின், ஒரு டிரங்குப் பெட்டி, தமன்னா என்ற மூன்று வயது மகள், இவ்வளவுதான் அவளிடம் இருந்தது. மெஹக் தாராவியிலேயே பிறந்தவள். தமிழ் நன்றாகப் பேசுவாள், கோபம் வந்தால் மட்டும் இந்தி. ஆடுகளை அப்துல் ரவூப் ஓட்டிக்கொண்டு போனார், சுயம்பு முன்பக்கமும் பின்பக்கமும் தகரம் அடித்துக் கதவு வைத்தார். ஜெயசீலியின் வீட்டுத் தரை அவளுக்குக் கூரையாயிற்று. வாடகை என்று யாரும் பேசவில்லை. அதன் பிறகு ஷைனியின் சுடிதார்கள் எல்லாம் கீழேயே தைக்கப்பட்டன. நாளுக்கு ஒரு நூல் கூரை உயருகிற வீட்டில் இருப்பது நல்ல காற்றோட்டம் என்று மெஹக் சொன்னாள்.

இப்படி ஒரு வருஷம் போய், வீட்டின் உயரம் எட்டடியைத் தொட்ட ஜூன் மாதத்தில் சர்வேக்காரர்கள் வரப்போகிறார்கள் என்ற செய்தி வந்தது. தாராவியை இடித்துப் புதுக் கட்டடம் கட்டுவதற்காக வீடு வீடாக எண் போட்டு எழுதிக்கொண்டு வந்தார்கள். சந்தில் என்ன பேச்சு என்றால், தரைத்தளத்தில் இருப்பவர்களுக்குத் தாராவிக்குள்ளேயே வீடு. மேலே இருப்பவர்களுக்குத் தூரத்தில் எங்கேயோ. எங்கே என்று கேட்டால் ஆளுக்கொரு ஊர் சொன்னார்கள். எல்லா ஊரும் சைக்கிள் போகாத ஊராக இருந்தது. சூசைமாணிக்கம் இதைக் கேட்டுவிட்டு வந்து ஏணியின் கீழ்ப்படியில் உட்கார்ந்தார். முப்பது வருஷமாக அவர் தரைத்தளத்துக்காரர். ரேஷன் கார்டு அப்படித்தான் சொல்கிறது, கரண்ட் பில் அப்படித்தான் சொல்கிறது. இப்போது அண்ணாந்து பார்த்தால் வீடு மாடியில் இருக்கிறது. தூரத்தில் கொண்டுபோய்ப் போட்டால் மாட்டுங்காவுக்கு யார் இட்லி கொடுப்பது? ஐம்பத்து நாலு வயதில் வேறு என்ன தொழில் தெரியும்? அன்றைக்கு அவர் ஜெபத்தில், நீங்க எல்லாத்தையும் பாத்துக்கோங்க என்பதோடு, கொஞ்சம் சீக்கிரம் என்றும் சேர்த்துக்கொண்டார்.

கஷ்டம் வந்தால் உபவாச ஜெபம் வைப்பது அந்தச் சபையின் வழக்கம். ஜோஷுவா ஐயர் ஒரு வெள்ளிக்கிழமையைக் குறித்தார். அந்தக் கஷ்டமே ஜெபத்தால் வந்தது என்பது ஐயருக்கும் தோன்றவில்லை, சபை மூப்பருக்கும் தோன்றவில்லை, அன்று வந்த நாற்பது பேரில் ஒருவருக்கும் தோன்றவில்லை. காலை பத்து மணிக்கு நாற்பது பேரும் ஏணியில் ஏறிப் பத்துக்குப் பன்னிரண்டு அறையில் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்து கதவைச் சாத்தினார்கள். ஆண்டவரே, இந்த வீட்டைத் தரைக்கு இறக்கும் என்று பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் மாலை நாலு மணிவரை மன்றாடினார்கள். உருக்கமான ஜெபம், பலர் அழுதார்கள். நாலு மணிக்குக் கதவைத் திறந்தபோது ஏணியின் மேல்படி மூன்றடி கீழே இருந்தது. சுயம்பு மூங்கில் கட்டி, கயிறு போட்டு, பசியோடு இருந்த நாற்பது பேரையும் ஒவ்வொருவராக இறக்க ஏழு மணி ஆயிற்று. மேய்ப்பன் கடைசியில்தான் இறங்க வேண்டும் என்று நின்ற ஐயருக்கு, அதற்குள் சொர்ணம்மாள் கீழேயிருந்து ஒரு கூடையில் ரொட்டி அனுப்பினாள். கீழே மெஹக்கின் அறை திடீரென்று பதினோரு அடி உயரமாகி, ஃபேன் காற்று மெஷினுக்கு எட்டவில்லை.

ஷைனிக்குத்தான் அந்தக் காய்ச்சல் ஞாபகம் வந்தது. ஆடுகள் இருந்த காலத்தில் மூன்று பேரும் ஒரேயடியாகக் காய்ச்சலில் படுத்து, மூன்று நாள் ஜெபம் இல்லாமல் போனது. அந்த மூன்று நாளும் வீடு நாளுக்கு ஒரு சாண் வீதம் இறங்கி, ஆறு ஆடுகளும் முழங்கால் போட்டு வெளியே வந்தன. ஏற நூல், இறங்கச் சாண். சூசைமாணிக்கம் விரல் விட்டுக் கூட்டிப் பார்த்தார். பதினோரு அடி இறங்கப் பதினைந்து நாள். சர்வேக்காரர்கள் வர அதே பதினைந்து நாள். எழுதிவிட்டுப் போனதும் பழையபடி ஜெபிக்கலாம், ஆண்டவர் என்ன கோபித்துக்கொள்ளவா போகிறார் என்றார். ஜெயசீலிக்கு அதில் மனசில்லை. ஆனால் புருஷன் ஏணிப்படியில் உட்கார்ந்திருந்த கோலத்தை அவள் பார்த்திருந்தாள். அன்று சாயங்காலம் ஏழரைக்குப் பாய் விரிக்காமல் டி.வி. போட்டார்கள்.

ஜெபிக்கப் பழகுவதைவிட ஜெபிக்காமல் இருக்கப் பழகுவது சிரமம் என்பது அந்த வீட்டுக்கு அப்போது தெரிந்தது. சாப்பாட்டுத் தட்டு முன்னால் வந்ததும் மூன்று பேருக்கும் கண் தானாக மூடும். ஒருவரை ஒருவர் இடித்துத் திறந்துகொள்வார்கள். இட்லிக் கொப்பரை மூடி சுட்டபோது ஜெயசீலி "ஆண்டவரே" என்றுவிட்டாள். வீடு ஒரு நூல் மேலே போய் வந்தது. அதன் பிறகு சமைக்கும்போது முந்தானையை வாயில் கவ்விக்கொண்டாள். விடியுமுன் எழுந்து கோணிச்சாக்கைப் பார்ப்பாள், பார்த்துவிட்டு மாவுப் பானையைத் திறப்பாள். வீடு சொன்னபடி சாண் சாணாக இறங்கியது. சுயம்பு ஏணிப்படிகளைக் கழற்றினார். சூசைமாணிக்கம் தினமும் டேப் வைத்து அளந்து சந்தோஷப்பட்டார். ஜெயசீலிக்கு மட்டும் வீட்டில் ஒரு ஆள் ஊருக்குப் போய்விட்ட மாதிரி இருந்தது. நாளெல்லாம் நடந்ததைச் சொல்ல யாரும் இல்லாமல், நடந்ததெல்லாம் அவளுக்குள்ளேயே கிடந்தது. அவள் அழுதாள், ஜெபமாகிவிடுமோ என்று பயந்து அதையும் நிறுத்தினாள்.

மெஹக் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கூரை இறங்க இறங்க முதலில் ஃபேனைக் கழற்றினாள். பிறகு மெஷினின் கால்களைக் கழற்றி, கையால் சுற்றுகிற மாதிரி தரையில் வைத்தாள். ஒன்பதாம் நாள் மத்தியானம் ரேஷன் அரிசியில் பாதியைக் கொடுக்கப் போன ஜெயசீலி, கதவைத் திறந்ததும் குனிந்தாள். குனிந்தது போதாமல் உட்கார்ந்தாள். கூரை நாலடிக்கு வந்திருந்தது. மெஹக் கழுத்தை மடித்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடச் சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தாள். அந்த அறையில் நிமிர்ந்து நிற்க முடிந்தவள் தமன்னா ஒருத்திதான். நாலு வயசாகியிருந்த அவள் அந்தப் பெருமையில் இங்கும் அங்கும் நடந்துகொண்டிருந்தாள். டிரங்குப் பெட்டி கட்டி வைத்திருந்தது.

ஏன் ஒரு வார்த்தை சொல்லவில்லை என்று ஜெயசீலி கேட்டாள்.

"மேல போனாலும் உங்க வீடு, கீழ வந்தாலும் உங்க வீடு ஆன்ட்டி. ஒரு வருஷம் இடம் குடுத்தீங்க. இதுக்கு மேல நான் என்ன சொல்ல?" என்றாள் மெஹக். அதைத் தமிழில்தான் சொன்னாள். கோபப்பட்டு இந்தியில் சொல்லியிருந்தால் ஜெயசீலிக்கு அவ்வளவு வலித்திருக்காது.

செம்பூரிலிருந்து சூசைமாணிக்கம் வந்து சைக்கிளைச் சாத்தியதும் அவரைக் கையைப் பிடித்துக் கீழ்வீட்டுக் கதவுக்குக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினாள். அவர் குனிந்து பார்த்தார், மெஹக்கின் கழுத்தைப் பார்த்தார், வெளியே வந்தார். இன்னும் ஆறு நாள்தானே என்று மெதுவாகச் சொன்னார்.

"ஒம்பது நாளா ஆண்டவருகிட்ட பேசாம இருக்கேன், ஷைனி அப்பா" என்றாள் ஜெயசீலி. "வீட்டுக்காக. நம்ம வீட்டுக்காக. அவரு எங்கிட்ட ஒம்பது நாளு பேசாம இருந்தா நான் தாங்குவனா? தூரத்துல கொண்டுபோய் விட்டா விடட்டும். அங்கயும் ஜனங்க காலையில பசியோடதான எந்திரிப்பாங்க."

அவர் ஏணியில் ஏறினார். மூன்றே படிதான் இருந்தது. உள்ளே போய், அன்றைய சாயங்கால ஜெபத்துக்கு இன்னும் நாலு மணி நேரம் இருந்தும், பாயை எடுத்து அவரே விரித்தார். ஷைனி ஆபீசிலிருந்து வரட்டும் என்று காத்திருந்து ஏழரைக்குத் தொடங்கினார்கள். ஜெயசீலி ஒன்றும் கேட்கவில்லை. ஒன்பது நாளில் நடந்ததையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள். அது முடியவே ஒரு மணி நேரம் ஆயிற்று. சூசைமாணிக்கம் தன் முறை வந்ததும் வழக்கமான வாசகத்தைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்தி, தப்புத்தான் என்றார். வீடு அடுப்பிலிருந்த ரசம் தளும்பாமல், ஒன்பது நாளில் இறங்கியதையெல்லாம் ஒரே மூச்சில் ஏறிப் பழைய பதினோரு அடிக்குப் போயிற்று. கீழே மெஹக் காலரை முடித்து நூலைக் கடித்து அறுத்துவிட்டு நிமிர்ந்தாள், தலை இடிக்கவில்லை. எழுந்து நின்றாள், கையைத் தூக்கிப் பார்த்தாள், எட்டவில்லை. டிரங்குப் பெட்டியை அவிழ்த்து ஃபேனை எடுத்து வெளியே வைத்தாள்.

சர்வேக்காரர்கள் சொன்ன தேதிக்கு வந்தார்கள். எழுதுகிற வேலை தௌசீப் என்ற இளைஞனுக்கு. காலையிலிருந்து நூற்று நாற்பது வீடு எழுதிக் களைத்திருந்த அவன், பதினோரு அடி உயரத்தில் நிற்கும் வீட்டைப் பார்த்து எதுவும் கேட்கவில்லை. அவன் கையிலிருந்த டேப்லெட்டில் தரை, மேல் என்று இரண்டு கட்டம்தான் இருந்தது. காகிதங்களை வாங்கிப் புரட்டினான். ரேஷன் கார்டு, கரண்ட் பில், பழைய சர்வே ரசீது, எல்லாமே தரைத்தளம் என்றன. கீழறையில் இருக்கும் பெண்ணுக்கு இந்த முகவரியில் ஒரு துண்டுக் காகிதமும் இல்லை. அவன் சொன்னதை ஷைனி அப்பாவுக்குத் தமிழில் சொன்னாள்: காகிதப்படி நாம் தரை. கீழே யாரும் இல்லை என்று எழுதிக்கொள்வான். கீழே ஒரு குடும்பம் இருக்கிறதென்றால் அதை வீட்டுக்காரர்தான் கையெழுத்துப் போட்டுச் சொல்ல வேண்டும். சொன்னால் நாம் மேல்.

சந்து முழுவதும் நின்றிருந்தது. மெஹக் கதவோரம் தமன்னாவின் தோளைப் பிடித்துக்கொண்டு, வேண்டாம் என்பதுபோலத் தலையை ஆட்டினாள். ஜெயசீலி வாயைத் திறந்தாள். ஆனால் வீடு அவர் பெயரில் இருந்தது, முப்பது வருஷம் மிதித்த சைக்கிளும் அவருடையது, அதனால் மூடிக்கொண்டாள். சூசைமாணிக்கம் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"நாங்க மேல" என்றார். "கீழ அந்தப் பொண்ணும் பிள்ளையும். பேரு மெஹக். எங்க போடணும் கையெழுத்து?"

தௌசீப் இடத்தைக் காட்டினான், அவர் போட்டார். இரண்டு கதவிலும் சிவப்புப் பெயின்ட்டில் எண் எழுதிவிட்டு அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள். மெஹக் அன்றைக்கு மத்தியானம் முழுவதும் இந்தியில் திட்டினாள். யாரைத் திட்டுகிறாள் என்று யாருக்கும் புரியவில்லை. சொர்ணம்மாள் தன் வீட்டுக்குள் போய்ச் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து, கூறுகெட்ட மனுசன் என்றாள். அதை அவள் மிகுந்த அன்போடு சொன்னாள்.

மறுநாள் சுயம்பு புதுப் படிக்கு அளவெடுக்க வந்தார். வீடு உயரவில்லை. அதற்கு மறுநாளும் இல்லை. ஒரு வாரம் போயிற்று. காலை ஜெபம், சாயங்கால ஜெபம் எதுவும் குறையவில்லை, கிரிக்கெட்டும் இல்லை, ஆனால் வீடு நின்ற இடத்தில் நின்றது. சூசைமாணிக்கத்துக்குக் கவலை வந்துவிட்டது. ஏதாவது பிசகிவிட்டதோ, ஐயரிடம் சொல்லி இன்னொரு உபவாச ஜெபம் வைக்கலாமா என்று கேட்டார். சுயம்பு, கயிறு கைவசம் இல்லை என்று சொல்லிவிட்டார். ஜெயசீலி சிரித்தாள். சர்வே எழுதியதற்கு மறுநாள் காலையிலிருந்தே அவளுக்கு விஷயம் தெரியும். முந்தின நாள் சாயங்காலம் ஷைனி அவசரத்தில் மூன்று பாய்க்குப் பதில் நாலு பாய் விரித்துவிட்டாள். அதை மடக்க வேண்டாம் என்று ஜெயசீலி சொல்லிவிட்டாள். காலையில் சுருட்டும்போது நாலாவது பாய், ஆள் இப்போதுதான் எழுந்துபோனது மாதிரி சூடாக இருந்தது.

"பக்கத்துல வந்து உக்காந்துட்டாரு" என்றாள் புருஷனிடம். "இனி ஏறி எங்க போவ?"

அவர் பாயைத் தொட்டுப் பார்த்தார். கை தானாக நெற்றிக்குப் போயிற்று.

இது நடந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. புதுக் கட்டடம் எப்போது வரும், யாரை எங்கே அனுப்புவார்கள் என்பது இன்னும் ஒருவருக்கும் தெரியாது. சூசைமாணிக்கம் மாட்டுங்காவுக்கும் செம்பூருக்கும் போய் வருகிறார். வீடு பதினோரு அடியில் நிற்கிறது. மட்டம் சுத்தமாக இருப்பதாகச் சுயம்பு சொல்கிறார். தினமும் ஏழரைக்கு நாலு பாய் விரிக்கிறார்கள். ஷைனி நிறுத்தி நிறுத்தித்தான் வாசிக்கிறாள், நாலாவது பாய்ப்பக்கத்திலிருந்து இதுவரை யாரும் அவசரப்படுத்தவில்லை. மழைக்காலத்தில் முட்டுவலி அதிகமானால் சொர்ணம்மாள் அத்தனை படியும் ஏறி வந்து, ஜெபம் முடியும்வரை கதவோரம் இருந்துவிட்டு, பிறகு சூடு ஆறாத அந்தப் பாயில் காலை நீட்டிக் கொஞ்ச நேரம் உட்கார்ந்து போகிறாள். தைலத்துக்கு இது பரவாயில்லை என்கிறாள்.